கடம்பி மீனாட்சி

கடம்பி மீனாட்சி (செப்டம்பர் 12, 1905 – மார்ச் 3, 1940) பல்லவர் வரலாற்றை ஆராய்ந்த தமிழக வரலாற்றாய்வாளர் ஆவார். 1936 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் இப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண் இவரே. பல்லவ அரசின் ஆட்சிமுறை, அதன் நிலப்பிரிவுகள், அக்காலச் சமூக வாழ்க்கை ஆகியன இவருடைய ஆய்வுப் பொருள்கள். காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்பத் தொடரைச் செப்பேடுகளோடும் கல்வெட்டுகளோடும் ஒப்பிட்டு விளக்கிய நூல் இவருடைய பெரும்பணியாகக் கருதப்படுகிறது. அந்நூல் அச்சேறியபோது இவர் உயிருடன் இல்லை. இளங்கலைப் பட்டம் பெற்ற 1929 தொடங்கி மறைவு வரை இவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ பதினோரு ஆண்டுகளே.

ஆங்கில நூல்களில் இவர் பெயர் 'சி. மீனாட்சி' என்றே காணப்படும். கடம்பி என்னும் குடும்பப் பெயரின் ஆங்கில முதலெழுத்து அது. தமிழில் எழுதுவோர் சிலர் அம்முதலெழுத்தை அப்படியே எடுத்தாள்வதால் ஒருவரையே இருவராகக் கொள்ளும் குழப்பம் நேர்வதுண்டு.

இளமையும் கல்வியும்

மீனாட்சி சென்னையில் பிறந்தார். தந்தை கடம்பி பாலகிருஷ்ணன் சென்னை உயர் நீதிமன்றத்தில் அமீனாவாகப் பணியாற்றியவர். தாய் மங்களம்மாள். மீனாட்சி சிறுமியாக இருந்தபோதே தந்தை காலமானார். பின்னர் தாயின் பொறுப்பில் உடன்பிறந்தாருடன் வளர்ந்தார்.

இவர் பட்டப்படிப்புப் படித்த பெண்கள் கிறித்தவக் கல்லூரி 1915 இல் தொடங்கப்பட்டது. அதாவது இவருக்குப் பத்து வயதாகும் வரை அக்கல்லூரியே இல்லை. அங்கு வரலாற்றைப் பாடமாக எடுத்து 1929 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்குச் சென்னை கிறித்தவக் கல்லூரியை நாடினார். அது அப்போது ஜார்ஜ் டவுனில் இயங்கிவந்த ஆண்கள் கல்லூரி (தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது 1937 இல்). பெண் என்பதால் இவரைச் சேர்த்துக்கொள்ள நிருவாகம் முதலில் தயங்கியது. அக்கல்லூரியில் பணியாற்றிய இவருடைய தமையனார் லட்சுமிநாராயணன், தங்கையைத் தாம் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்ற பின்னரே இடம் கிடைத்தது. தகுதி குறித்து எழுந்த தயக்கம் அன்று இது என்பது தெளிவு. தமையனார் அதே கல்லூரியில் பணியாற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எண்ணிப்பார்க்க வேண்டியது.

முதுகலைப் படிப்பை முடித்தபின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அங்கு இந்திய வரலாறு, தொல்லியல் துறைப் பேராசிரியராக இருந்தவர் கே. ஏ. நீலகண்ட சாத்திரி. பாண்டியர் பற்றிய நூலை 1929 இல் வெளியிட்டிருந்த அவர், அப்போது சோழர் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய வழிகாட்டலில் மீனாட்சி எடுத்துக்கொண்டது பல்லவர்.

அன்றைய பல்லவர் ஆய்வு

மீனாட்சி ஆய்வைத் தொடங்கியபோது பல்லவர் பற்றிய மூலச் சான்றுகள் ஓரளவு அச்சில் வந்துவிட்டிருந்தன. ஊல்ச் என்னும் செருமானிய அறிஞர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890 இல் வெளியானது. மாமல்லபுரக் கல்வெட்டுகளும் காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் கல்வெட்டுகளும் கூரம் செப்பேடும் அதில் இடம்பெற்றன. அலெக்சாண்டர் ரீ பல்லவர் கட்டடக்கலை பற்றிய நூலை 1909 இல் வெளியிட்டார். புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் பல்லவ மன்னர்களின் கால வரிசையை ஆராய்ந்து 1917 இல் நூல் எழுதினார். கயிலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த ஓவியங்களை 1931 இல் கண்டறிந்தவரும் அவரே. ஆர். கோபாலனின் 'காஞ்சிப் பல்லவர் வரலாறு' 1928 இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

இவற்றுள் பெரும்பாலானவை எந்த மன்னனுக்குப் பின் எந்த மன்னன், எந்தப் போர் எந்த ஆண்டில், எந்தக் கோயில் யார் கட்டியது என்னும் கேள்விகளைச் சுற்றியே அமைந்தவை. முதலில் அந்த எலும்புக்கூட்டை நிறுத்தியாக வேண்டும் என்பதால் அதைக் குறையாகக் கூறுவதற்கில்லை. எனினும் காஞ்சியில் இருந்த அரசன் தன் ஆணையைப் பாலாற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர் வரை எவ்வாறு கொண்டு சேர்த்தான், அவ்வூரார் எதற்கெல்லாம் வரி செலுத்தினர், ஏரி உடைந்தால் யார் அடைத்தனர் என்பன போன்ற கேள்விகளுக்குத் தொகுத்த விடை இல்லாதிருந்தது. மீனாட்சி எடுத்துக்கொண்டது இவ்விடைவெளியைத்தான்.

முனைவர் பட்ட ஆய்வு

பல்லவர் கால ஆட்சிமுறையும் சமூக வாழ்க்கையும் பற்றிய ஆய்வேட்டுக்காக 1936 இல் இவருக்கு முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. அவ்வாய்வேடு 1938 இல் பல்கலைக்கழகத்தின் வரலாற்று நூல் வரிசையில் வெளியானது. அரசன், அமைச்சர், அலுவலர், நீதி, நிலவரி, நீர்ப்பாசனம், ஊராட்சி ஆகியவற்றில் தொடங்கி, கல்வி, சமயம், இலக்கியம், இசை, நடனம், ஓவியம் வரை விரியும் நூல் இது.

இதற்கான சான்றுகள் எங்கிருந்து கிடைத்தன என்பதைப் புரிந்துகொண்டால் பணியின் கடினம் விளங்கும். சோழர் காலத்துக்கு ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. பல்லவர் காலத்துக்கு அவ்வளவு இல்லை. முற்காலப் பல்லவர் செப்பேடுகள் பிராகிருதத்திலும் பின்னர் வடமொழியிலும் அமைந்தவை. அவை காஞ்சிக்கு வடக்கே கிருஷ்ணையாற்றுப் பகுதி வரை கிடைத்துள்ளன. பிற்காலப் பல்லவர் செப்பேடுகளில் வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் சேர்ந்திருக்கும். வடமொழிப் பகுதி அரசனின் குலமுறையையும் புகழையும் பாடும். தமிழ்ப் பகுதி கொடையாக அளிக்கப்பட்ட நிலத்தின் நான்கெல்லை, வாய்க்கால், விலக்கு அளிக்கப்பட்ட வரிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கூறும். ஆட்சிமுறையை அறிய விரும்புவோருக்குப் பின்னதே பெரிதும் பயன்படும்.

வரிகளின் பட்டியலே ஒரு சமூகப் படம். குயவர் செலுத்திய குசக்காணம், கள் இறக்குவோர் செலுத்திய ஈழம்பூட்சி, ஆடு மாடு மேய்ப்போரின் இடைப்பூட்சி, தரகு எனப் பல பெயர்களைச் செப்பேடுகளில் காணலாம். செக்குக்கும் தறிக்கும் வரி இருந்தது. இன்று காஞ்சிபுரம் என்றவுடன் பட்டு நினைவுக்கு வருவதால், தறி வரியைக் கண்டவுடன் அதைப் பட்டுத்தறி எனக் கொள்வோர் உள்ளனர். அச்சொல் தறியை மட்டுமே குறிக்கிறது. அதில் என்ன நூல் ஓடியது என்பதைச் சொல்லவில்லை. இவ்வரிகளை ஒரு கொடைநிலத்துக்கு விலக்கும்போதுதான் அவற்றின் பெயர்கள் எழுதப்பட்டன என்பதையும் நோக்க வேண்டும். பல்லவர் வரிமுறை பற்றிய அறிவு பெரும்பாலும் செலுத்த வேண்டாத வரிகளின் பட்டியலிலிருந்து பெற்ற அறிவே.

நீர்ப்பாசனம் பல்லவ அரசை அறிவதற்கு மற்றொரு வாயில். மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் அமைந்த மகேந்திர தடாகம், மாமண்டூரின் சித்திரமேக தடாகம், உத்திரமேரூரின் வைரமேக தடாகம் என அரசர்களின் பெயரையும் பட்டத்தையும் தாங்கிய ஏரிகள் பல. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தின் செப்பேடு முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. பரமேசுவர தடாகம் என்னும் ஏரிக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுவந்ததை அது தெரிவிக்கிறது. அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்குப் பங்கு ஒதுக்கியதும் அதே செப்பேட்டில் உள்ளது. ஏரி, வாய்க்கால், கோயில், பாரதம் வாசிப்பு ஆகிய அனைத்தும் ஒரே ஆவணத்தில் வருவதால் ஆட்சிமுறையையும் சமூக வாழ்க்கையையும் தனித்தனி நூல்களாகப் பிரிக்க இயலாது. மீனாட்சியின் நூல் இரண்டையும் ஒருங்கே எடுத்துக்கொண்டதற்குச் சான்றுகளின் இத்தன்மையும் காரணம் எனலாம்.

காஞ்சியின் கடிகை பற்றிய செய்திகள் இவருடைய ஆய்வில் முக்கிய இடம் பெறுகின்றன. கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன், தன் ஆசான் வீரசர்மனுடன் கல்வி கற்கக் காஞ்சிக் கடிகைக்கு வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. நாளந்தாவில் புகழ்பெற்ற தருமபாலர் காஞ்சியைச் சேர்ந்தவர் என்பது சீனப் பயணி சுவான்சாங் வழி அறியப்படுவது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள வாகூரில் இயங்கிய கல்விச்சாலைக்கு நிருபதுங்கவர்மன் காலத்தில் ஊர்கள் கொடையளிக்கப்பட்டன. கடிகை என்பது வெறும் பாடசாலையா, அரசியலில் பங்குள்ள அவையா என்னும் கேள்வி இங்கு எழுகிறது. அதற்கான சுவையான சான்று செப்பேட்டில் இல்லை. கீழே காணப்படும் கோயில் சுவரில் உள்ளது.

நாடும் கோட்டமும்

ஓர் அரசை அறிய அதன் நிலப்பரப்பு எவ்வாறு பகுக்கப்பட்டிருந்தது என்பதை அறிய வேண்டும். முற்காலப் பல்லவர் ஆவணங்களில் இராட்டிரம், விடயம் என்னும் பெயர்கள் வருகின்றன. தொண்டை மண்டலத்துக்கு வந்தால் கோட்டம், நாடு, ஊர் என்னும் தமிழ்ப் பெயர்கள் வருகின்றன. காஞ்சி எயிற்கோட்டத்தைச் சேர்ந்தது. உத்திரமேரூர் காலியூர்க் கோட்டத்தையும், திருக்கழுக்குன்றம் களத்தூர்க் கோட்டத்தையும், மாமல்லபுரம் ஆமூர்க் கோட்டத்தையும் சேர்ந்தவை. தொண்டை மண்டலத்தில் இவ்வாறு 24 கோட்டங்கள் இருந்தன என்பது மரபு.

கோட்டம் என்னும் பிரிவு தொண்டை மண்டலத்துக்கே சிறப்பாக உரியது. சோழ நாட்டிலும் பாண்டிய நாட்டிலும் நாடு என்பதே அடிப்படைப் பிரிவு. சோழர் இப்பகுதியைக் கைப்பற்றிச் செயங்கொண்ட சோழ மண்டலம் எனப் பெயர் மாற்றிய பின்னரும் கோட்டப் பெயர்கள் அழியவில்லை. மேலே இருந்த அரசு மாறியது, கீழே இருந்த எல்லை நீடித்தது. இத்தகைய உள்ளூர்ப் பிரிவுகள் அரசனால் வகுக்கப்பட்டவையா, உழவுக் குடியிருப்புகள் பெருகியபோது தாமே உருவானவையா என்பது பின்னர் பெரிய விவாதமாயிற்று. எ. சுப்பராயலு 1973 இல் வெளியிட்ட சோழ நாட்டு அரசியல் புவியியல் நூல், கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை நிலப்படத்தில் குறித்து ஒவ்வொரு நாட்டின் பரப்பையும் வரைந்து காட்டியது. மீனாட்சியின் காலத்தில் அத்தகைய படங்கள் இல்லை. பெயர்களைத் தொகுத்து அவற்றின் படிநிலையை விளக்குவதோடு அன்றைய ஆய்வு நின்றது.

வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்கள்

காஞ்சிபுரத்தில் பரமேசுவர விண்ணகரம் எனப்படும் வைகுந்தப் பெருமாள் கோயில், இரண்டாம் நந்திவர்மன் என்னும் பல்லவமல்லனுடன் (ஆட்சித் தொடக்கம் ஏறத்தாழ கி.பி. 731) தொடர்புடையது. நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் திருமால் மூன்று தளங்களில் அமைந்த கோயில் இது. திருமங்கையாழ்வார் இதைப் பாடியுள்ளார். பல்லவமல்லனின் வெற்றிகளையும் அப்பாடல்களில் குறிப்பிட்டுள்ளார். கருவறையைச் சுற்றிய திருச்சுற்று மாளிகையின் சுவர்களில், சிங்கத் தூண்களுக்குப் பின்னால், சிற்பங்கள் இரு வரிசைகளாகத் தொடர்ந்து செல்கின்றன. மணற்கல் என்பதால் பல இடங்களில் தேய்ந்தும் பொரிந்தும் போயின.

இத்தொடர் பல்லவ குலத்தின் வரலாறு. திருமாலில் தொடங்கி, பிரமன், அங்கிரசு, பிருகற்பதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என இறங்கி, பல்லவன் என்னும் குலமுதல்வனை அடைந்து, பின்னர் வரலாற்றுக் கால மன்னர்களிடம் வருகிறது. ஒவ்வோர் அரசனுக்கும் முடிசூட்டு, போர், அவை எனக் காட்சிகள் அமைகின்றன. விளக்கம் எழுதுவதற்கென வரிசைகளுக்கு இடையே பட்டை விடப்பட்டுள்ளது. ஆனால் ஒரு பகுதிக்கு மட்டுமே எழுத்துகள் வெட்டப்பட்டன. எஞ்சிய இடம் வெறுமையாகவே உள்ளது. எழுத்து வெட்டப்பட்ட அப்பகுதி, நந்திவர்மன் அரசுரிமை பெற்ற கதையைக் கூறுவது. எதை எழுதியே தீர வேண்டும் என அக்காலத்தார் கருதினர் என்பதற்கு இதுவே சான்று.

அத்தமிழ்க் குறிப்புகள் சொல்லும் செய்தி வருமாறு: இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் நாட்டுக்கு அரசன் இல்லாமற் போயிற்று. அமைச்சராகிய மாத்திரர், கடிகையார், மூலப்பிரகிருதியார் எனப்பட்ட குடிமக்களின் தலைவர் ஆகியோர் கூடி, பல்லவ குலத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று முறையிட்டனர். இரணியவர்மன் தன் மக்கள் நால்வரையும் கேட்டான். சீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய மூவரும் மறுத்தனர். பன்னிரண்டு வயதே நிரம்பிய பல்லவமல்லன் தான் போவதாகக் கூறினான். மகனின் இளமையை எண்ணித் தந்தை தயங்கினான். அவன் பேரரசனாவான் எனத் தரணிகொண்டபோசர் எடுத்துரைத்தபின் இசைந்தான். சிறுவன் மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து வந்தான். பல்லவடி அரையர் படையுடன் எதிர்கொண்டு அவனை யானைமீது ஏற்றிக் காஞ்சிக்கு அழைத்து வந்தார். நகரத்தாரும் மூலப்பிரகிருதியாரும் காடக்க முத்தரையரும் வரவேற்றனர். நந்திவர்மன் என்னும் பெயருடன் முடி சூட்டப்பட்டது.

இக்குறிப்புகளின் வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் முன்னரே அச்சாகியிருந்தது. மீனாட்சி செய்தது, அதை உடனுள்ள சிற்பங்களோடு பொருத்தியதும், எழுத்தே இல்லாத ஏனைய காட்சிகளையும் செப்பேடுகளின் குலமுறைப் பட்டியலை வழிகாட்டியாகக் கொண்டு வரிசையாக அடையாளம் காண முயன்றதும் ஆகும். ஒரு சிற்பம், அடுத்த சிற்பம் எனச் சுற்று முழுவதையும் தொடர்ந்து படிக்கும் ஒரு நூலைப் போல அவர் அணுகினார். இந்திய அரசின் தொல்லியல் துறை இவ்வாய்வைத் தன் ஆய்வறிக்கை வரிசையில் 63 ஆம் எண்ணாக 1941 இல் வெளியிட்டது.

இதில் அரசியல் வரலாற்றுக்கு உரிய சிக்கல் ஒன்று உண்டு. காரைக்காலுக்கு அருகில் கிடைத்த காசாக்குடிச் செப்பேடு நந்திவர்மனின் 22 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சிம்மவிட்டுணுவின் தம்பி பீமவர்மன் வழியில், புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன் என இறங்கி வந்தவன் நந்திவர்மன் என்றும், குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றும் அது கூறுகிறது. இது சுவரில் உள்ள கதையோடு பொருந்துகிறது. ஆனால் உதயேந்திரச் செப்பேடு அவனைப் பரமேசுவரவர்மனின் மகன் என்கிறது. அதே செப்பேடு, அவன் நந்திபுரத்தில் திரமிள அரசர்களால் முற்றுகையிடப்பட்டதையும், படைத்தலைவன் உதயசந்திரன் சித்திரமாயன் என்னும் பல்லவனைக் கொன்று அவனை மீட்டதையும் தெரிவிக்கிறது. ஆகவே அரியணைக்கு வேறோர் உரிமையாளனும் இருந்தான். அவனைப் பற்றிச் சுவரின் எழுத்துகள் பேசவில்லை.

கோயிலின் சுவர் வென்றவன் தரப்பு ஆவணம் என்பதை மறக்கலாகாது. மக்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தனர் எனச் செதுக்கிவைக்க வேண்டிய தேவை எழுந்ததே, அத்தேர்வு கேள்விக்கு உள்ளானதைக் காட்டுவதாகவும் கொள்ளலாம். அதே வேளையில் அக்கதையைப் பொய் என்று ஒதுக்கினாலும் ஒன்று எஞ்சுகிறது. எட்டாம் நூற்றாண்டில் ஓர் அரசன் தன் உரிமையை நிலைநாட்ட விரும்பியபோது அமைச்சர், கடிகையார், குடிகள், நகரத்தார் ஆகியோரின் ஒப்புதலைத்தான் சான்றாகக் காட்டினான். அவர்களின் ஒப்புதலுக்கு மதிப்பு இல்லாத நாட்டில் இவ்வாறு காட்டுவதில் பொருளில்லை. கடிகையார் வெறும் ஆசிரியரும் மாணவருமாக மட்டும் இருந்திருந்தால் அவர்கள் இத்தூதில் இடம்பெற்றது ஏன் என்னும் கேள்விக்கும் இங்கேதான் விடை தேட வேண்டும்.

இதை 'பல்லவர் கால மக்களாட்சி' எனக் கொண்டாடும் எழுத்துகளும் உள. உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகளையும் சிலர் இதனோடு சேர்த்துவிடுகின்றனர். அவை முதலாம் பராந்தக சோழன் காலத்தவை (கி.பி. 919, 921), நந்திவர்மனுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பிற்பட்டவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையில் எடுப்பதும், அரசனைத் தலைவர்கள் கூடித் தெரிவதும் வெவ்வேறு நடைமுறைகள்.

இரணியவர்மன் இருந்த நாடு எது?

நந்திவர்மன் எங்கிருந்து வந்தான் என்பது அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்படும் கேள்வி. கம்போடியாவிலிருந்தோ வியட்நாமின் சம்பா நாட்டிலிருந்தோ கடல் கடந்து வந்தான் என்னும் கருத்து பரவலாகக் காணப்படுகிறது. தென்கிழக்காசிய அரசர்களின் பெயர்களும் 'வர்மன்' என முடிவது இதற்கு ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது. வடமொழியைத் தழுவிய அரசுகள் பலவற்றில் அம்முடிபு இருந்ததால் அது சான்றாகாது. சுவரில் எஞ்சியுள்ள எழுத்துகள் பயணத்தைக் கூறும்போது மலை, ஆறு, காடு ஆகியவற்றையே குறிப்பிடுகின்றன. கடலைக் கடந்த ஒரு பயணத்தைப் பெருமையாகச் சொல்ல வந்தவர் கடலை விட்டுவிடுவாரா என்பது எளிய கேள்வி. ஆனால் அதற்கு இதுவரை நிறைவான விடை அளிக்கப்படவில்லை. நாட்டின் பெயர் எழுத்தில் இல்லாத வரை, பீமவர்மன் கிளையினர் ஆண்ட இடத்தை நிலப்படத்தில் குறிக்க இயலாது.

காஞ்சி பற்றிய நூல்

மீனாட்சி காஞ்சியின் கட்டடக்கலையைப் பொது வாசகருக்கு அறிமுகப்படுத்தும் சிறுநூல் ஒன்றையும் எழுதியிருந்தார். அது 1954 இல் இந்திய அரசின் வெளியீட்டுப் பிரிவால் வெளியிடப்பட்டது. காஞ்சியைக் காணச் செல்வோருக்குக் கோயில்கள் தலங்களாகவே தெரியும். அவை அரசியல் ஆவணங்களாகவும் இருப்பதை அறிந்துகொள்ள இத்தகைய அறிமுகம் தேவை. இராசசிம்மன் கட்டிய கயிலாசநாதர் கோயிலில் அவனுடைய பட்டப்பெயர்கள் சிற்றாலயங்களில் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. அதே கோயிலின் தூண் ஒன்றில், காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு உள்ளது. கோயிலின் செல்வத்தைக் கண்டு அதைக் கோயிலுக்கே திருப்பித் தந்ததாக அவன் அதில் தெரிவிக்கிறான். இப்படையெடுப்பு நிகழ்ந்தது நந்திவர்மன் காலத்திலாகும். ஒரே நகரில் அரை மணி நேர நடைத் தொலைவுக்குள் இருக்கும் இரு கோயில்களில், ஒன்றில் பல்லவன் தன் கதையைத் தானே சொல்கிறான். மற்றொன்றில் அவனை வென்றவன் தன் கதையைச் சொல்கிறான்.

பெங்களூர்ப் பணியும் மறைவும்

முனைவர் பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1939 இல், பெங்களூர் மகாராணி கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணி இவருக்குக் கிடைத்தது. மைசூர் அரசின் திவானாக இருந்த சர் மிர்சா இசுமாயில் இப்பணியை வழங்கினார். கல்விப்பணியில் இவர் ஊன்றத் தொடங்கிய நேரம் அது. சில மாதங்களில் நோய்வாய்ப்பட்டு 1940 மார்ச் 3 அன்று காலமானார். அப்போது வயது 34.

இவர் இறந்தபோது அச்சில் இருந்த நூல் ஒன்றுதான். சிற்பங்கள் பற்றிய ஆய்வு அடுத்த ஆண்டும், காஞ்சி பற்றிய சிறுநூல் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் வெளிவந்தன. விமர்சனங்களுக்கு மறுமொழி எழுதவோ, புதிய சான்றுகளைக் கொண்டு தம் முடிவுகளைத் திருத்தவோ வாய்ப்புப் பெறாத ஆய்வாளர் இவர். இவருடைய நூல்களைப் படிப்போர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

பிற்கால ஆய்வுகள்

பல்லவர் பற்றிய ஆய்வு மீனாட்சிக்குப் பின் பெரிதும் வளர்ந்துள்ளது. காஞ்சிபுரத்தின் பழைய வரலாறு குறித்து டி. வி. மகாலிங்கம் 1969 இல் நூல் எழுதினார். பல்லவர் கல்வெட்டுகளை ஒருங்கே தொகுத்த அவருடைய பெருந்தொகுதி 1988 இல் வந்தது. மீனாட்சி பல இதழ்களிலும் தொகுதிகளிலும் தேடிச் சேர்க்க வேண்டியிருந்த சான்றுகள் இவ்வாறு ஓரிடத்தில் கிடைக்கலாயின. ஆட்சிமுறை பற்றிய நூலின் திருத்திய பதிப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1977 இல் வெளியிட்டது.

வைகுந்தப் பெருமாள் கோயிலைப் பற்றி அமெரிக்க அறிஞர் டென்னிசு அட்சன் எழுதிய விரிவான நூல் 2008 இல் வெளியானது. அவர் இக்கோயிலை வைணவ ஆகம, புராணக் கருத்துகளின் வழியே விளக்குகிறார். சுற்றுச்சுவர்ச் சிற்பங்களைக் கருவறைத் தளங்களின் சமயப் பொருளோடு இணைத்துக் காண்கிறார். மீனாட்சியின் அணுகுமுறை இதனின்று வேறுபட்டது. அவருக்கு அச்சுவர் முதன்மையாக அரசின் ஆவணம். இரண்டில் எது சரி என்பதைவிட, காட்சிகளை எண்ணிட்டு வரிசைப்படுத்தி அடையாளம் காணும் பணியை ஒருவர் முன்னரே செய்திருந்ததால்தான் பின்னவர் அதன்மேல் வேறு கேள்விகளை எழுப்ப முடிந்தது என்பதே கவனிக்கத்தக்கது. காஞ்சி நகரின் அமைப்பையும் கோயில்களின் பரவலையும் ஆராய்ந்த எம்மா நட்டாலியா சுடைனின் நூல் 2021 இல் வந்தது.

மீனாட்சியின் சில அடையாளங்கள் ஐயத்துக்கு உரியவை என்பதையும் குறிப்பிட வேண்டும். எழுத்து இல்லாத காட்சியில் முடிசூடும் அரசன் இன்னான் என்று கூறுவதற்குச் செப்பேட்டு வரிசையைத் தவிர வேறு துணை இல்லை. செப்பேடுகளே ஒன்றோடொன்று முரண்படும் இடங்களில் அத்துணையும் தளர்கிறது. சுவர் மேலும் தேய்ந்து வருவதால், 1930களில் கண்ணுக்குத் தெரிந்த விவரங்கள் எல்லாம் இன்று தெரிவதில்லை. அவருடைய விளக்கத்தோடு உடன்படாதவர்க்கும் அவர் கண்டு பதிந்தவை பயன்படுவதற்கு இது ஒரு காரணம்.

நூல்கள்

இவர் நூல்கள் மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. பல்லவர் கால ஆட்சிமுறையும் சமூக வாழ்க்கையும் (சென்னைப் பல்கலைக்கழகம், 1938, திருத்திய பதிப்பு 1977). காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்கள் (இந்தியத் தொல்லியல் துறை, 1941). காஞ்சி: அதன் கட்டடக்கலைக்கு ஓர் அறிமுகம் (வெளியீட்டுப் பிரிவு, 1954).